நுண் ஒளியியல் பாகங்கள் தாமே அமையும் முறைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

‘தன்னமைவு’ என்று எதைச் சொல்கிறீர்கள்?

நுண்லென்ஸ், கண்ணாடி (ஒளியைத் திருப்பும் ஆடி), லேசர் சில்லு போன்றவற்றை ஒவ்வொன்றாகச் செதுக்கி, எடுத்து, வைத்து, ஒட்டுவது வழக்கமான முறை. அப்படிச் செய்யாமல், பரப்பு இழுவிசை, ஆவியாதல், மின்விலக்கு, படலத்துக்குள் தேங்கிய இறுக்கம் ஆகிய விசைகளையே வடிவம் தரவும் இடத்தில் உட்காரவைக்கவும் விட்டுவிடுவதுதான் தன்னமைவு. ஆய்வகப் பேச்சில் செல்ஃப்-அசெம்ப்ளி. நடைமுறையில் நான்கு குடும்பங்கள் உண்டு: உருகிக் குவியும் லென்ஸ், கோளங்கள் அடுக்காகி நிற்கும் ஓப்பல், திரவத்துளி இழுத்துப் பொருத்தும் சில்லு, தட்டையாகப் பிறந்து மடிந்து எழும் கண்ணாடி.

‘தானே’ என்ற சொல்லை நம்பி இறங்குபவர்கள் முதல் மாதத்திலேயே சலித்துப்போவார்கள். இதில் வேலை குறைவதில்லை, முன்னால் போய்விடுகிறது. திரவத்தின் விளிம்பு எந்த இடத்தில் பிடித்து நிற்க வேண்டும், எந்த இடத்தில் வழுக்கிப் போக வேண்டும் என்பதை முன்கூட்டியே பரப்பில் எழுதிவைப்பதுதான் முக்கால்வாசி வேலை. கீழே வரும் தோல்விகளில் பெரும்பாலானவை அந்த விளிம்பு தவறான இடத்தில் நின்றதால் வந்தவை.

சிறிய அளவில் மட்டும் இது எப்படி நடக்கிறது?

எடை நீளத்தின் மும்மடிக்கு ஏற்பக் குறைகிறது. பரப்பு இழுவிசை நீளத்துக்கு ஏற்பத்தான் குறைகிறது. தண்ணீருக்கு இரண்டும் சமமாகும் நீளம் ஏறத்தாழ 2.7 மில்லிமீட்டர். அதற்குக் கீழே போகப்போக ஈர்ப்பைக் கணக்கிலேயே எடுக்க வேண்டியதில்லை. 100 மைக்ரான் விட்டமுள்ள பசைத்துளி ஒன்றில் ஈர்ப்பின் பங்கு பரப்பு இழுவிசையின் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இராது. அதனால்தான் அதன் மேற்பரப்பு கச்சிதமான கோளத்துண்டாக, எந்த மெருகிடும் இயந்திரமும் தராத வழவழப்போடு அமைகிறது.

புதிதாகத் தொடங்குபவர் எந்த முறையில் கைவைக்கலாம்?

உருக்கு லென்ஸ். ஃபோட்டோரெசிஸ்ட் (ஒளி பட்டால் கரைதிறன் மாறும் பிசின், சுருக்கமாக ரெசிஸ்ட்), முகமூடி (ஒளியை வேண்டிய இடத்தில் மட்டும் விடும் தட்டு), ஹாட்பிளேட் இருந்தால் ஒரே நாளில் முடிவு தெரியும், தவறு எங்கே என்பதும் மைக்ராஸ்கோப்பில் உடனே தெரியும். அடுத்தது ஓப்பல், கருவிச் செலவு குறைவு, பொறுமைச் செலவு அதிகம். சில்லுகளைத் திரவத்தால் பொருத்துவதை மூன்றாவதாக வைத்துக்கொள்ளுங்கள்.

உருக்கு லென்ஸுக்கு ரெசிஸ்ட் எவ்வளவு தடிமன் வேண்டும்?

உருளை வடிவ ரெசிஸ்ட் உருகிக் கோளத்துண்டாகிறது. கன அளவு மாறுவதில்லை என்று கொண்டால் கணக்கு எளிது. முதலில் லென்ஸின் உயரத்தை அடி ஆரத்தால் வகுத்து இருமடியாக்குங்கள். அதோடு 3-ஐக் கூட்டி, உயரத்தால் பெருக்கி, 6-ஆல் வகுத்தால் தேவையான தடிமன் வரும்.

எடுத்துக்காட்டாக, விட்டம் 100 மைக்ரான், வேண்டிய உயரம் 10 மைக்ரான். உயரம் வகுத்தல் ஆரம் 0.2, இருமடி 0.04. ஆக 10 × 3.04 ÷ 6 = 5.07 மைக்ரான். வளைவு ஆரம் என்பது உயரத்தின் இருமடியும் அடி ஆரத்தின் இருமடியும் கூட்டி, உயரத்தின் இரட்டிப்பால் வகுத்தது: (100 + 2500) ÷ 20 = 130 மைக்ரான். ரெசிஸ்டின் ஒளிவிலகல் எண்ணை 1.6 என்று கொண்டால் குவியத் தூரம் 130 ÷ 0.6, அதாவது சுமார் 217 மைக்ரான். அதே வடிவத்தை 1.41 ஒளிவிலகல் எண்ணுள்ள சிலிக்கோன் ரப்பரில் வார்த்தால் 317 மைக்ரானாக நீளும். வடிவம் ஒன்றே ஆனாலும் பொருள் மாறினால் குவியம் மாறும் என்பதை மறந்து முகமூடி வரைந்து, பிறகு எல்லாவற்றையும் திரும்பச் செய்வது வழக்கமாக நடப்பதுதான்.

ஒரு திருத்தம் தேவை. உருகும்போது மிச்சக் கரைப்பான் வெளியேறிக் கன அளவு கொஞ்சம் சுருங்கும். எவ்வளவு என்பது ரெசிஸ்டையும் சுட்ட விதத்தையும் பொறுத்தது. முதல் வேஃபரில் (அடித்தளத் தட்டில்) உருக்குவதற்கு முன்னும் பின்னும் உயரத்தை அளந்து, அந்த விகிதத்தைத் தடிமனில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

படிப்படியாகச் செய்முறை?

நோவோலாக் பிசின் வகைத் தடிமனான பாசிட்டிவ் ரெசிஸ்டுக்கு (ஒளி பட்ட இடம் கரைந்துபோகும் வகை) இந்த ஒழுங்கு பொருந்தும்:

1. வேஃபரை 150 டிகிரி செல்சியஸில் ஐந்து நிமிடத்துக்குக் குறையாமல் காயவையுங்கள். ஈரம் இருந்தால் ரெசிஸ்டின் விளிம்பு நகரும்.
2. சுழற்றிப் பூசி, 100 டிகிரியில் ஒரு மைக்ரான் தடிமனுக்கு ஒரு நிமிடம் என்ற கணக்கில் மென்சூடு கொடுங்கள்.
3. தடிமனான படலம் என்றால் பூசிய பிறகு அறையின் ஈரப்பதத்தில் சற்று நேரம் விடுங்கள். ஒளிவேதிவினைக்குத் தண்ணீர் வேண்டும். சுட்டவுடனே ஒளியூட்டினால் டெவலப் ஆவது (ஒளி பட்ட பகுதி கரைசலில் கரைவது) மந்தமாகும்.
4. முகமூடி வழியாக ஒளியூட்டி, டெவலப் செய்து, நன்றாகக் கழுவி உலர்த்துங்கள்.
5. முகமூடி இல்லாமல் முழுப் பரப்புக்கும் ஒளியூட்டுங்கள். மஞ்சள் நிறம் வெளுக்கும், நைட்ரஜன் இப்போதே உருவாகி வெளியேறத் தொடங்கும். அது வெளியேறச் சில மணி நேரம் விடுங்கள்.
6. ஹாட்பிளேட்டில் 140–150 டிகிரி வரை மெதுவாக ஏற்றி, சில நிமிடங்கள் வைத்து, மெதுவாக இறக்குங்கள்.

ஐந்தாம் படியைத் தாண்டிக் குதிப்பவர்களே ‘லென்ஸுக்குள் குமிழி’ என்று கேட்டு வருகிறார்கள். அந்தக் குமிழி நைட்ரஜன், அல்லது மென்சூட்டில் போகாத கரைப்பான்.

லென்ஸின் நடுவில் குழி விழுகிறது. ஏன்?

உருகல் விளிம்பிலிருந்து தொடங்குகிறது. விளிம்பு உருண்டுவிடும், நடுப்பகுதி தட்டையாகவே, சிலசமயம் தாழ்ந்தும், காத்திருக்கும். மெல்லிய படலம் சமனாக எடுக்கும் நேரம் அகலத்தின் நான்காம் அடுக்கோடு ஏறி, தடிமனின் மும்மடியோடு குறைகிறது. அதாவது தடிமனை மாற்றாமல் விட்டத்தை இரட்டிப்பாக்கினால் 16 மடங்கு நேரம் வேண்டும். அவ்வளவு நேரம் கிடைப்பதற்குள் ரெசிஸ்ட் குறுக்கிணைந்து (மூலக்கூறுச் சங்கிலிகள் ஒன்றோடொன்று பிணைந்து) கெட்டியாகிவிடுகிறது.

வெப்பத்தைக் கூட்டுவதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். அது பாகுத்தன்மையைக் குறைக்கும், கூடவே குறுக்கிணைவையும் விரைவுபடுத்தும்; லென்ஸ் பழுப்பாகும். சரியான வழி தடிமனைக் கூட்டுவது, அல்லது விட்டத்தைக் குறைப்பது. தொடுகோணம் (விளிம்பில் லென்ஸின் பரப்பு அடித்தளத்தோடு செய்யும் கோணம்) 10–15 டிகிரிக்குக் கீழே வரும்படியான தட்டை லென்ஸ்களை இந்த முறையில் செய்யவே முயல வேண்டாம். மேலே உள்ள எடுத்துக்காட்டில் கோணம் 22.6 டிகிரி; வசதியான இடம். அரைக்கோணத்தின் டேன்ஜென்ட் என்பது உயரம் வகுத்தல் அடி ஆரம், அதை வைத்து உங்கள் வடிவமைப்பைச் சோதித்துக்கொள்ளலாம்.

பக்கத்துப் பக்கத்து லென்ஸ்கள் ஒட்டிக்கொள்கின்றன.

இடைவெளி போதவில்லை. உருகும்போது விளிம்பு கொஞ்சம் பரவும். தொட்ட நொடியில் இரண்டும் ஒன்றாகிவிடும், பிரிக்க முடியாது. தொடக்கத்தில் 5 மைக்ரான் விட்டுப் பாருங்கள், பிறகு குறையுங்கள். ஒளி வீணாகக் கூடாது என்றால் சதுர வரிசையைவிட அறுகோண வரிசை நல்லது.

ரெசிஸ்ட் லென்ஸையே கருவியில் வைத்துவிடலாமா?

சோதனைக்கு வைக்கலாம். நீல ஒளியை உறிஞ்சும், வெப்பத்தில் மறுபடி இளகும், கரைப்பான் பட்டால் கரையும். அதனால் அதை அச்சாக மட்டும் வைத்துக்கொள்வது வழக்கம். பத்துக்கு ஒன்று என்ற எடை விகிதத்தில் கலந்து காற்று நீக்கிய சிலிக்கோன் ரப்பரை மேலே ஊற்றி, 65–70 டிகிரியில் சில மணி நேரம் இறுகவிட்டு உரித்தால் குழிவான அச்சு கிடைக்கும். அதில் புற ஊதாப் பிசினை ஊற்றி இறுக்கினால் குவிந்த பிரதி. ரப்பர் சுமார் 1 சதவீதம் சுருங்கும். ஒற்றை லென்ஸில் இது தெரியாது. 20 மில்லிமீட்டர் நீள வரிசையில் கடைசி லென்ஸ் 200 மைக்ரான் தள்ளிப்போயிருக்கும். அறை வெப்பத்தில் இரண்டு நாள் இறுகவிட்டால் சுருக்கம் வெகுவாகக் குறையும்.

குவியத் தூரத்தை எளிதாக அளக்க முடியுமா?

மைக்ராஸ்கோப்பின் கீழ்விளக்கை இணைகதிராக்கி, லென்ஸின் உச்சியில் ஒருமுறை குவியுங்கள், பிறகு மேலே தெரியும் ஒளிப்புள்ளியில் ஒருமுறை குவியுங்கள். மேடை நகர்ந்த உயரமே குவியத் தூரம். உச்சியில் தூசி ஒன்று உட்கார்ந்திருந்தால் அன்றைக்கு மட்டும் அது நல்லது.

ஓப்பல் என்பது நகைக்கல் தானே? அதற்கும் ஒளியியல் பாகத்துக்கும் என்ன தொடர்பு?

அந்தக் கல்லின் நிறத்துக்குக் காரணம் சாயம் இல்லை. ஒரே அளவுள்ள சிலிக்கா கோளங்கள் நெருங்கி அடுக்கப்பட்டிருப்பதுதான். அதையே செயற்கையாகச் செய்தால் குறிப்பிட்ட அலைநீளத்தைத் திருப்பியனுப்பும் வடிகட்டி, உணரி, அல்லது தலைகீழ் ஓப்பலுக்கான (இடைவெளிகளை நிரப்பிய பின் கோளங்களை நீக்கி, சட்டகம் மட்டும் மிஞ்சுவதற்கான) அச்சு கிடைக்கும். கோளங்களைச் செய்ய 1968-இல் ஸ்டோபர், ஃபிங்க், போன் மூவரும் வெளியிட்ட முறைதான் இன்றும் பயன்படுகிறது: எத்தனால், அம்மோனியா, தண்ணீர் கலவையில் டெட்ராஎத்தில் ஆர்த்தோசிலிக்கேட்டைச் சேர்ப்பது.

என்ன அளவுக் கோளத்துக்கு என்ன நிறம்?

நேராகப் பார்க்கும்போது சிலிக்கா ஓப்பல் திருப்பும் அலைநீளம் கோள விட்டத்தின் 2.2 மடங்கு. 200 நானோமீட்டர் கோளம் 440-இல், நீலம். 250 என்றால் 550, பச்சை. 300 என்றால் 660, சிவப்பு. பாலிஸ்டைரின் கோளத்துக்குப் பெருக்கெண் 2.4.

இந்த 2.2 எங்கிருந்து வருகிறது என்றால்: நெருங்கிய அடுக்கில் 74 சதவீதம் கோளம், 26 சதவீதம் காற்று. சிலிக்காவின் ஒளிவிலகல் எண் 1.45 எனக் கொண்டு இருமடிகளின் சராசரியை எடுத்தால் அடுக்கின் எண் சுமார் 1.35. அடுக்கிடைத் தூரம் விட்டத்தின் 0.816 மடங்கு. இரண்டையும் பெருக்கி இரட்டிப்பாக்கினால் 2.2.

சாய்த்துப் பார்த்தால் நிறம் நீலப் பக்கம் நகரும். 550-இல் திருப்பும் ஓப்பல் 45 டிகிரியில் சுமார் 468-க்கு வந்துவிடும். தண்ணீரில் நனைத்தால் எதிர்ப் பக்கம், 580-ஐ நோக்கி நகரும், ஆனால் மங்கும், ஏனென்றால் கோளத்துக்கும் இடைவெளிக்கும் உள்ள வேறுபாடு குறைந்துவிடுகிறது. உணரி செய்பவர்கள் இந்த நகர்வைத்தான் அளக்கிறார்கள்.

செங்குத்துப் படிவு முறையை எப்படிச் செய்வது?

கண்ணாடிச் சில்லைச் சோப்புநீர், தண்ணீர், எத்தனால் என்று கழுவி, ஆக்சிஜன் பிளாஸ்மாவிலோ புற ஊதா-ஓசோனிலோ வையுங்கள். தண்ணீர் விட்டால் துளியாக நிற்காமல் தாளாகப் பரவ வேண்டும், தொடுகோணம் 10 டிகிரிக்குக் கீழே. பிளாஸ்மா செய்த பரப்பு சில மணி நேரத்தில் பழைய நிலைக்குத் திரும்பத் தொடங்கும், அன்றே பயன்படுத்துங்கள்.

20 மில்லிலிட்டர் குப்பியில் 0.1 முதல் 1 சதவீதம் கோளம் கலந்த நீர். சோனிகேட்டரில் (மீயொலியால் குலுக்கும் கருவியில்) அரை மணி நேரம். சில்லை ஏறத்தாழ நிமிர்ந்த நிலையில் நிறுத்தி, 50–65 டிகிரி அடுப்பில் ஒன்று முதல் மூன்று நாள். அடுப்பின் விசிறியை அணைத்துவிடுங்கள். கம்பிரசர், பம்பு இருக்கும் மேசையில் அடுப்பை வைக்காதீர்கள். நீர்மட்டம் ஆவியாகி இறங்கும்போது சில்லின் மேல் மெல்லிய நீர்விளிம்பில் கோளங்கள் இழுக்கப்பட்டு அடுக்காகின்றன.

அடுக்குகளின் எண்ணிக்கை கோளச் செறிவுக்கு நேர்விகிதம், விட்டத்துக்கு எதிர்விகிதம். செறிவை இரட்டிப்பாக்கினால் அடுக்கும் இரட்டிக்கும். 250 நானோமீட்டர் கோளத்தில் பத்து அடுக்கு என்பது சுமார் 2.1 மைக்ரான் தடிமன். பத்து அடுக்கு இருந்தாலே நிறம் நன்றாகத் தெரியும், இன்னும் தடிமனாக்கினால் விரிசல்தான் கூடும்.

கோளங்கள் அடியில் தங்கிவிடுகின்றன.

அளவைப் பாருங்கள். 250 நானோமீட்டர் சிலிக்கா நாளொன்றுக்கு ஏறத்தாழ 3 மில்லிமீட்டர்தான் இறங்கும். 1 மைக்ரான் கோளம் 16 மடங்கு வேகம், கிட்டத்தட்ட 5 சென்டிமீட்டர். மூன்று நாள் காத்திருக்கும் முறையில் பெரிய சிலிக்கா கோளத்துக்கு இடமே இல்லை. 400 நானோமீட்டருக்கு மேல் போனால் எத்தனாலில் கலந்து ஆவியாதலை விரைவாக்குங்கள், அல்லது அடர்த்தி 1.05 மட்டுமே உள்ள பாலிஸ்டைரினுக்கு மாறுங்கள்.

நிறமே வரவில்லை. பால்போல் வெள்ளையாக இருக்கிறது.

மூன்று காரணங்களில் ஒன்று. கோள அளவில் சிதறல் 5 சதவீதத்துக்கு மேல் இருக்கலாம். அப்போது அடுக்கு ஒழுங்காகாது, எந்தத் தந்திரமும் உதவாது. இரண்டாவது, உப்பு. கோளங்களைப் பிரித்து வைக்கும் மின்விலக்கு 1 மில்லிமோலார் உப்புநீரில் சுமார் 10 நானோமீட்டர் தூரம் எட்டும். 100 மில்லிமோலாரில் 1 நானோமீட்டர்தான். குழாய்நீரைத் தொட்டாலே கட்டியாகிப் போகும். அயனி நீக்கிய நீரில் மூன்று நான்கு முறை மையவிலக்கிக் கழுவுங்கள். மூன்றாவது காரணத்தில் குறையே இல்லை: ஓப்பல் நன்றாக அமைந்திருந்தாலும் பின்புறச் சிதறல் ஒளி நிறத்தை மூழ்கடிக்கும். சில்லின் கீழே கறுப்புத் தாளை வைத்துப் பாருங்கள். நிறம் எழுந்தால், அடுத்த முறை கோளக்கலவையில் மிகச் சிறிதளவு கார்பன் கறுப்பு சேர்த்தால் போதும்.

கோடு கோடாக வருகிறது.

நீர்விளிம்பு ஓரிடத்தில் பிடித்து நிற்கிறது, இழுவிசை மீறியதும் தாவுகிறது, மறுபடி பிடிக்கிறது. செறிவு மிகக் குறைவாக இருந்தாலும் ஈரப்பதம் ஏறி இறங்கினாலும் இது வரும். செறிவைச் சற்றுக் கூட்டி, அடுப்பை நடுவில் திறக்காமல் இருங்கள். திறந்து எட்டிப் பார்த்த நேரங்களைக் குறித்துவைத்தால் சில கோடுகளுக்கு விளக்கம் அதிலேயே கிடைக்கும்.

விரிசலைத் தவிர்க்க வழி உண்டா?

முழுவதும் தவிர்ப்பது கடினம். சிலிக்கா கோளம் நீரை உள்வாங்கிச் சற்றே பருத்திருக்கும், உலரும்போது சுருங்கும். அடியில் கண்ணாடி சுருங்குவதில்லை. ஆகவே படலம் கிழிகிறது. முதல் வழி, கோளங்களை அடுக்குவதற்கு முன்பே 600 டிகிரியில் சுட்டுச் சுருக்கிவிடுவது. சுட்ட பொடியைத் திரும்பப் பிரிப்பதற்கு நீண்ட சோனிகேஷன் வேண்டும், கொஞ்சம் கட்டிகளும் மிஞ்சும்.

தலைகீழ் ஓப்பல்தான் இலக்கு என்றால் இன்னும் நல்ல வழி இருக்கிறது. 2010-இல் ஹாட்டன், ஐசன்பெர்க் குழுவினர் காட்டியது: பாலிமர் கோளங்களோடு சிலிக்கா முன்பொருளையும் (பிறகு சிலிக்காவாக மாறும் பொருளையும்) சேர்த்தே ஒரே நேரத்தில் படியவிடுவது. 20 மில்லிலிட்டரில் 0.1 சதவீத அளவு கோளம். அதில் முன்பே நீராற்பகுத்த சிலிக்கேட் கரைசல் 0.1 முதல் 0.2 மில்லிலிட்டர். அந்தக் கரைசல் ஆர்த்தோசிலிக்கேட், 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம், எத்தனால் சேர்ந்து ஒரு மணி நேரம் கலக்கியது. 65 டிகிரியில் ஓரிரு நாளில் படியவிட்டு, 500 டிகிரிக்குச் சில மணி நேரம் எடுத்து மெதுவாக ஏற்றி, கோளங்களை எரித்துவிடுங்கள். இடைவெளிகள் முன்பே நிரம்பியிருப்பதால் சென்டிமீட்டர் கணக்கில் விரிசல் இல்லாத பரப்பு கிடைக்கும். கரைசலைக் கூடுதலாக ஊற்றினால் மேலே கண்ணாடித் தோல் ஒன்று மூடிக்கொள்ளும். குறைத்தால் எரித்த பிறகு சட்டகம் சரிந்துவிடும். 0.05 மில்லிலிட்டர் படிகளில் நான்கு குப்பி ஒன்றாக ஓட்டிப் பார்ப்பதே குறுக்குவழி.

ஓப்பலால் எல்லாத் திசையிலும் ஒளியை அடைக்க முடியுமா?

சாதாரண ஓப்பலால் முடியாது. தலைகீழ் ஓப்பலில், சட்டகத்துக்கும் காற்றுக்கும் ஒளிவிலகல் எண் விகிதம் 2.8-க்கு மேல் இருந்தால்தான் முழு ஒளித்தடைப் பட்டை (எந்தத் திசையிலும் ஒளி புக முடியாத அலைநீள வரம்பு) திறக்கும். சிலிக்கா, பாலிமர் எல்லாம் கணக்கிலேயே இல்லை, டைட்டானியாவும் எட்டாது. சிலிக்கான் எட்டும்: அகச்சிவப்பில் 3.5. சிலிக்கான் தலைகீழ் ஓப்பல் 2000-இல் செய்யப்பட்டது, 2001-இல் வேஃபர் மேலேயே வளர்க்கப்பட்டது. அடுக்குக் குறைபாடுகளே அந்தப் பட்டையை அடைத்துவிடும் என்பதால் இது இன்னும் ஆய்வகச் சரக்குதான்.

ஒரே அடுக்கு மட்டும் வேண்டும் என்றால்?

நீர்ப்பரப்பில் மிதக்கவிடுங்கள். பாலிஸ்டைரின் கலவையைச் சம அளவு எத்தனாலோடு கலந்து, சாய்த்து வைத்த சுத்தமான கண்ணாடி வழியாகச் சொட்டுச் சொட்டாக நீர்மட்டத்தில் இறக்கினால் கோளங்கள் பரவி மிதக்கும். ஓரத்தில் 2 சதவீத சோடியம் டோடெசில் சல்பேட் கரைசல் ஒரு துளி; மிதப்பவை எல்லாம் எதிர்ப்பக்கம் நெருங்கி ஒரே தாளாகும். அடியிலிருந்து சில்லைச் சாய்வாகத் தூக்கி எடுத்து, சாய்வாகவே உலரவிடுங்கள். எதிரொளிப்புத் தடுப்புப் பரப்புக்கும், பொறிப்பு முகமூடிக்கும் இது போதும்.

சில்லைத் திரவத்துளி எப்படிச் சரியான இடத்துக்கு இழுக்கிறது?

அடித்தளத்தில் சில்லின் அளவுக்கே நீர்நாட்டமுள்ள திட்டு. சுற்றிலும் நீரை விலக்கும் பரப்பு. திட்டில் மெல்லிய திரவம், மேலே சில்லு. சில்லு விலகியிருந்தால் திரவத்தின் பக்கவாட்டுப் பரப்பு நீள்கிறது. அதைக் குறைக்கவே சில்லு இழுபட்டு வருகிறது. 2001-இல் ஸ்ரீனிவாசன், லீப்மன், ஹோவ் மூவரும் இந்த வழியில் 0.2 மைக்ரானுக்குள் பொருத்திக் காட்டினார்கள்.

இழுவையின் விறைப்பைப் பரப்பு இழுவிசை × பக்க நீளம் × 2 ÷ திரவத் தடிமன் என்று மதிப்பிடலாம். 1 மில்லிமீட்டர் சதுரச் சில்லு, 50 மைக்ரான் தண்ணீர் என்றால் ஒரு மைக்ரான் விலகலுக்குச் சுமார் 2.9 மைக்ரோநியூட்டன். 0.1 மில்லிமீட்டர் தடிமனுள்ள அந்தச் சிலிக்கான் சில்லின் எடையே 2.3 மைக்ரோநியூட்டன்தான். தடிமனைப் பாதியாக்கினால் விறைப்பு இரட்டிக்கும். ‘நிறைய விட்டால் நன்றாக மிதக்கும்’ என்று எண்ணித் திரவத்தைக் கூட்டுபவர்களுக்குச் சில்லு சாய்ந்து நிற்பதுதான் மிச்சம்.

அந்த அளவு குறைந்த திரவத்தை எப்படி இடுவது?

1 மில்லிமீட்டர் சதுரத்தில் 50 மைக்ரான் என்பது 50 நானோலிட்டர். கையால் பிடிக்கும் பிப்பெட் இதைத் தராது. தந்தாலும் தண்ணீர் ஓரிரு நிமிடத்தில் ஆவியாகிவிடும். முழு அடித்தளத்தையும் திரவத்தில் முக்கி மெதுவாக வெளியே எடுங்கள். நீர்விலக்கும் பகுதி உலர்ந்து வரும், திட்டுகளில் மட்டும் திரவம் தங்கும். நிரந்தரமாக ஒட்ட வேண்டுமானால், திட்டையும் சுற்றுப்புறத்தையும் பசை ஏற்கும் வகையில் தலைகீழாக அமைத்து, எல்லாவற்றையும் தண்ணீருக்குள்ளேயே செய்யலாம்: தங்கத் திட்டில் நீண்ட ஆல்கேன்தயோல் ஒற்றையடுக்கு, அதாவது நீரை விலக்கும், ஒரே மூலக்கூறு தடிமனுள்ள படலம் (எத்தனாலில் 1 மில்லிமோலார், ஓர் இரவு), அதில் பசை ஒட்டும்; சுற்றியுள்ள சிலிக்கா நனைந்தே இருப்பதால் பசை அதை அண்டாது. பிறகு புற ஊதா ஒளியிலோ வெப்பத்திலோ இறுக்குங்கள்.

சில்லு திரும்பியபடி உட்கார்ந்துவிடுகிறது.

சதுரத்துக்கு நான்கு நிலைகளும் ஒன்றே. திரவத்துக்கு உங்கள் விருப்பம் தெரியாது. திட்டையும் சில்லின் அடியையும் சமச்சீரற்ற வடிவமாக, கண்ணீர்த்துளி போல, அமைத்தால் ஒரே நிலைதான் மிகக் குறைந்த ஆற்றலுடையதாக இருக்கும். தொடக்கத்திலேயே சில்லின் பாதிக்கு மேல் திட்டின் மேல் இருக்கும்படி போடுங்கள். ஓரத்தில் மட்டும் தொட்டால் பாதி வழியில் மாட்டிக்கொள்ளும். திட்டின் விளிம்பில் ரெசிஸ்ட் மிச்சமோ தூசியோ இருந்தாலும் அதே கதி: நீர்விளிம்பு அங்கே பிடித்துக்கொள்ளும்.

ஒளியிழைக்கு எவ்வளவு துல்லியம் வேண்டும்?

ஒற்றைப்பாங்கு ஒளியிழையில் ஒளிக்கற்றையின் ஆரம் 1550 நானோமீட்டரில் சுமார் 5.2 மைக்ரான். பக்கவாட்டு விலகலை இந்த ஆரத்தால் வகுத்து, இருமடியாக்கி, 4.34-ஆல் பெருக்கினால் இழப்பு டெசிபெல்லில் வரும். ஒரு மைக்ரான் விலகினால் 0.16, இரண்டு மைக்ரானுக்கு 0.64. கவலைப்பட ஒன்றுமில்லை. ஆனால் கற்றை ஆரம் 1 மைக்ரானாக உள்ள சிறிய அலைவழிகாட்டியில் அதே ஒரு மைக்ரான் 4.34 டெசிபெல்லைத் தின்றுவிடும். பாதிக்கு மேல் ஒளி போயிற்று. எந்தத் தன்னமைவு முறை என்று முடிவெடுக்கும் முன் இந்தக் கணக்கைப் போடுங்கள்.

சால்டரால் லேசரைப் பொருத்துவது நம்பகமானதா?

பக்கவாட்டில் நம்பகமானது. உருகிய சால்டரின் பரப்பு இழுவிசை தண்ணீரைப்போல் ஆறேழு மடங்கு. பத்து இருபது மைக்ரான் விலகி வைத்த சில்லைக்கூட ஒரு மைக்ரான் அளவுக்குள் இழுத்து வந்துவிடும். உயரத்தில் நம்பகமில்லை. உயரத்தைத் தீர்மானிப்பது சால்டரின் கன அளவு. பூச்சுத் தடிமன் வேஃபர் முழுக்க ஒன்றாக இராது. அதனால் சிலிக்கானிலேயே பொறித்த தாங்கிகளை வைத்து, சால்டர் சில்லைக் கீழ்நோக்கியும் பக்கவாட்டிலும் அந்தத் தாங்கிகளோடு அழுத்தும்படி வடிவமைப்பார்கள்.

தங்கம்-வெள்ளீயம் 80/20 கலவை 280 டிகிரியில் உருகும், ஃப்ளக்ஸ் (ஆக்சைடை நீக்கும் துணைப்பொருள்) இல்லாமல் செய்யலாம், பின்னர் நகராது. இண்டியம் 157 டிகிரியில் உருகும். மென்மையானது, வெப்ப இறுக்கத்தை விழுங்கிக்கொள்ளும், ஆனால் காலப்போக்கில் ஊர்ந்து இடம் மாறும். எதுவானாலும் ஆக்சைடு தோல் இருந்தால் உருகிய உலோகம் பைக்குள் இருக்கும் நீரைப் போல அசையாது. நைட்ரஜனில் ஃபார்மிக் அமில ஆவி கலந்து கொடுத்தால் தோல் போய்விடும். ஃப்ளக்ஸ் வேண்டாம், அதன் மிச்சம் லேசர் முகத்தில் படியும்.

தட்டையான கண்ணாடியை நிமிர்த்தி எழுப்புவது எப்படி?

இரண்டு வழிகள். கீலின் மேல் சால்டர் அல்லது ரெசிஸ்ட் திண்டை வைத்து உருக்கினால், அது உருண்டையாக முயலும்போது தட்டைத் தூக்கும். சிம்ஸ், யீட்மன் இருவரும் 1993-இல் இதை வெளியிட்டார்கள். கோணத்தைத் திண்டின் கன அளவு தீர்மானிப்பதால், 45 டிகிரி கண்ணாடிக்கு இயந்திரத் தடுப்பு ஒன்று கட்டாயம். மற்றொன்று இறுக்கம் தேங்கிய இரட்டைப் படலம்: அடியிலுள்ள தியாக அடுக்கை (பிறகு நீக்குவதற்கென்றே இட்ட அடுக்கை) அரித்தெடுத்ததும் குரோமியம்-தங்கக் கைகள் வளைந்து சட்டத்தைத் தூக்கும். பெல் ஆய்வகத்தின் ஒளிச்சுவிட்சுக் கண்ணாடிகள் இப்படித்தான் எழுந்தன.

அரித்தெடுக்கப் பெரும்பாலும் ஹைட்ரோஃப்ளோரிக் அமிலம். தோலில் பட்டால் உடனே வலிக்காது, உள்ளே போய் எலும்புவரை பாதிக்கும். கால்சியம் குளுகோனேட் ஜெல் கைக்கெட்டும் தூரத்தில் இல்லாமல் குப்பியைத் திறக்கக் கூடாது. அரித்த பிறகு கழுவிய நீரை அப்படியே உலரவிட்டால் பரப்பு இழுவிசையே கண்ணாடியைக் கீழே இழுத்து ஒட்டிவிடும். மீயுய்நிலைக் கார்பன் டை ஆக்சைடில் (திரவம்-வாயு எல்லையே இல்லாத நிலையில்) உலர்த்துங்கள்.

டிஎன்ஏ ஓரிகாமியும் இதில் சேருமா?

சேரும், ஆனால் வேறு அளவுகோலில். 2006-இல் ரோத்மண்ட் காட்டிய முறையில் 7,000-க்கும் மேற்பட்ட காரங்களுள்ள (டிஎன்ஏ எழுத்துகளுள்ள) ஓர் இழையை இருநூறுக்கும் மேற்பட்ட குட்டை இழைகள் மடிக்கின்றன. தங்க நானோத்துகள்களைச் சில நானோமீட்டர் துல்லியத்தில் நிறுத்தி ஒளி ஆன்டெனா செய்யலாம். லென்ஸ், கண்ணாடி அளவுக்கு இது எட்டாது.

மீந்த கோளக்கலவையை எப்படி வைப்பது?

மூடிய குப்பியில், 4 டிகிரியில். உறையவிடக் கூடாது, ஒருமுறை உறைந்த கலவை கட்டியாகிவிடும், சோனிகேட்டரால் திரும்பாது. எடுக்கும்போது ஒரு துளியைக் கண்ணாடியில் உலர்த்தி மைக்ராஸ்கோப்பில் பாருங்கள். துளியின் ஓர வளையத்தில் நிறம் தெரிந்தால் கலவை நன்றாக இருக்கிறது.